பிராசஸர் வேகம் ஏறவில்லையா, விசிறி ஓயவில்லையா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மூன்று முறை விண்டோஸை அழித்து மறுபடி நிறுவிய பிறகு அந்த மடிக்கணினி என் மேசைக்கு வந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் நான்கு பகுதிகள் கொண்ட) பிராசஸர் 0.79 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன். சில நொடிகளில் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. மாற்ற வேண்டியிருந்தது சார்ஜரை மட்டுமே.

இதே கோளாறு வெவ்வேறு உருவில் அடிக்கடி வருகிறது. பிராசஸரின் வேகத்தை விண்டோஸோ லினக்ஸோ கேட்கத்தான் முடியும். கொடுப்பதா வேண்டாமா என்று கணினி எழும்போது முதலில் இயங்கும் உள்மென்பொருளான பயாஸும், வெப்பமும், வந்து சேரும் மின்சாரமும் முடிவு செய்கின்றன. எனவே இயங்குதளத்தை அழித்து நிறுவுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் ஓர் எண்ணைப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம், அதற்குள் சிபியு. 'ஸ்பீட்' என்பது இந்த நொடியின் வேகம். 'பேஸ் ஸ்பீட்' என்று மாறாமல் நிற்பது அந்த பிராசஸருக்கு உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை வேகம்.

கணினி சும்மா இருக்கும்போது வேகம் இறங்குவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். சில கிகாபைட் அளவுள்ள ஒரு கோப்புறையை ஜிப் கோப்பாகச் சுருக்கச் சொல்லிவிட்டு எண்ணைக் கவனியுங்கள்.

வேலை நடக்கும்போதும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். நன்றாக ஏறி, சில நிமிடங்களில் சரிந்தால் இரண்டாவது. வேகத்தில் குறையில்லை, வேறு தொல்லை என்றால் மூன்றாவதிலிருந்து படியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸின் பல பதிப்புகளில் டாஸ்க் மேனேஜர் பயன்பாட்டுச் சதவீதத்தை அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. ஆகவே வேகம் கட்டிப்போடப்பட்ட கணினி முழு மூச்சில் உழைத்தாலும் பயன்பாடு 30 சதவீதம் என்றே காட்டலாம். "30 சதவீதம்தானே ஓடுகிறது, ஏன் நகரவில்லை?" என்று குழம்புகிறவர்கள் பலர். அப்போது வேகத்தை மட்டும் நம்புங்கள்.

அறிகுறி 1: வேலை கொடுத்தாலும் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள்.

பேட்டரியில் மட்டும் ஓடும்போது வேகம் ஏறுகிறது என்றால்

சார்ஜரையும் அதன் வயரையும் சந்தேகியுங்கள். மடிக்கணினியோடு வந்தது 65 வாட் சார்ஜராக இருக்கும்; தொலைந்துபோன பிறகு வாங்கியது 45 வாட்டாக இருக்கும். இரண்டின் முனையும் ஒன்றுபோலவே பொருந்தும், பேட்டரியும் ஏறும். ஆனால் போதிய மின்சாரம் வராது என்று கணினி கண்டுகொண்டு பிராசஸரின் வேகத்தை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். சார்ஜரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 65 வாட். அதைக் கணினியின் அடியில் எழுதியிருக்கும் தேவையோடு ஒப்பிடுங்கள்.

வட்ட முனை கொண்ட சார்ஜர்கள் சிலவற்றில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்ற செய்தியைக் கணினிக்குச் சொல்வது அதுதான். ஊசி வளைந்தாலோ, முனைக்கு அருகே வயருக்குள் அந்த மெல்லிய கம்பி அறுந்தாலோ, மின்சாரம் வரும், செய்தி வராது. கணினி சார்ஜரை அடையாளம் தெரியாததாகக் கருதி வேகத்தைக் குறைத்துவிடும். சில மாடல்களில் பயாஸுக்குள் போனால் சார்ஜர் எத்தனை வாட் என்று காட்டும். 'தெரியவில்லை' என்று அங்கே இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

யுஎஸ்பி டைப் சி சார்ஜரானால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அடையாளச் சிப் இல்லாத சாதாரண கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தராது. 20 வோல்ட்டில் அது 60 வாட்தான். 100 வாட் சார்ஜரை வாங்கிவிட்டு, கைபேசியோடு வந்த கேபிளில் மாட்டினால் பயனில்லை.

சார்ஜரில் மட்டும் ஓடும்போது வேகம் ஏறவில்லை, பேட்டரியும் நிற்பதில்லை என்றால்

பேட்டரி தேய்ந்திருக்கலாம். திடீரென வேலை கூடும் நொடிகளில் சார்ஜரோடு பேட்டரியும் கைகொடுக்க வேண்டியிருக்கும். அது முடியாதபோது பல மாடல்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று அடியுங்கள். உலாவியில் திறக்கக்கூடிய ஓர் அறிக்கை உருவாகும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' இப்போதையது. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே போயிருந்தால் நான் பேட்டரியை மாற்றச் சொல்லிவிடுவேன்.

இரண்டிலும் ஏறவில்லை என்றால்

மேலிருந்து கீழாக, இந்த வரிசையிலேயே பாருங்கள்.

அமைப்பு முதலில். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பிளான் அமைப்புகளை மாற்றும் இடம், அதற்குள் அட்வான்ஸ்டு. 'பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்' என்பதை விரித்தால் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' தெரியும். பேட்டரிக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என இரண்டு எண்கள். இரண்டும் 100 சதவீதம் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் சூடு குறைய வேண்டும் என்று யாரோ 50 வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். 99 வைத்தால்கூட இன்டெல் மடிக்கணினிகளில் டர்போ வேகம் (அடிப்படையைத் தாண்டி ஏறும் வேகம்) வராமல் போகும். அடிப்படை வேகத்தோடு நின்றுவிடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வரியே தெரியாது. அவற்றில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் 'பவர் மோட்' எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து முழுமையான அணைப்பு. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் கணினியின் உள்நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வருகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். அதற்கும் சரியாகவில்லையென்றால், அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரத்தைக் கண்காணிக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சிப் தன் பழைய நினைவை விட்டுவிட இது பெரும்பாலும் போதும். எளிய வேலைதான், ஆனால் இதில் மட்டுமே சரியான கணினிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் 'கெர்னல் பிராசஸர் பவர்' என்ற மூலத்தில் 37 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிராசஸரின் வேகத்தை ஃபர்ம்வேர் (பயாஸ் போன்ற உள்மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்பதே அந்தச் செய்தி. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாகப் பதிவாகும் என்பதால் எட்டுப் பத்து வரிகள் வரிசையாக நிற்கும். இது தெரிந்தால் விண்டோஸின் மேல் குற்றமில்லை. உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் தளத்தில் புதிய பயாஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி நன்றாக ஏறியிருக்கும்போது, சார்ஜரும் மாட்டிய நிலையில் மட்டுமே பயாஸைப் புதுப்பியுங்கள். நடுவில் மின்சாரம் போனால் கணினி எழுந்திருக்காது.

தொழில்நுட்பரை அழைக்க வேண்டிய இடம் இதுதான். சரியான சார்ஜர், நல்ல பேட்டரி, புதிய பயாஸ் மூன்றும் இருந்தும் 0.4 அல்லது 0.8 என்றே நின்றால், மதர்போர்டில் வெப்ப உணரியோ மின்சாரச் சுற்றோ பிராசஸருக்கு 'நிறுத்து' என்ற சைகையை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சைகையை அலட்சியம் செய்ய வைக்கும் மென்பொருள்கள் உண்டு. திராட்டில்ஸ்டாப் அதில் பெயர் பெற்றது. கோளாறு எங்கே என்று அறிய ஐந்து நிமிடம் பயன்படுத்துங்கள், அதில் தவறில்லை. அதையே நிரந்தரத் தீர்வாக விட்டுவிடாதீர்கள். சைகை உண்மையானதாக இருந்தால், சூட்டிலிருந்து கணினியைக் காக்கும் ஒரு வேலியை நீங்களே பிடுங்கிப் போட்டவராவீர்கள்.

லினக்ஸில் இதே அறிகுறி

சிபியூபவர் என்ற கருவி இப்போதைய கவர்னர் (வேகத்தை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்று முடிவு செய்யும் விதி) எது என்று காட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'பவர்சேவ்' என்று தெரிந்ததும் பலர் அதன்மேல் பழி போடுகிறார்கள். இன்டெல் பிஸ்டேட் டிரைவர் தன் வழக்கமான முறையில் இயங்கும்போது பவர்சேவ் கவர்னர் தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும்; அது குற்றவாளி அல்ல. பழைய ஏசிபிஐ சிபியூஃபிரீக் டிரைவரில் அதே பெயர் வேகத்தை மிகக் குறைந்த அளவில் பூட்டிவிடும். ஆகவே முதலில் டிரைவரின் பெயரைப் பாருங்கள், பிறகு கவர்னரை. பழைய டிரைவரானால் ஷெட்யூட்டில் கவர்னருக்கு மாற்றுங்கள்.

மின்சிக்கனக் கருவிகளான டிஎல்பியும் பவர் புரொஃபைல்ஸ் டீமனும் ஒரே கணினியில் சேர்ந்து ஓடினால் ஒன்று வைத்ததை மற்றொன்று கலைக்கும். ஒன்றை நீக்குங்கள்.

அறிகுறி 2: முதலில் நல்ல வேகம், சில நிமிடங்களில் சரிவு

ஒரு பகுதிச் சரிவு இயல்பானது. டர்போ வேகம் சிறிது நேரத்துக்கு மட்டுமே என்று வகுக்கப்பட்டது. பிறகு அடிப்படை வேகத்தை ஒட்டி வந்து நிலைத்தால் கணினி நலமாக இருக்கிறது. அடிப்படை வேகத்துக்கும் கீழே போனால்தான் கோளாறு.

மெத்தையிலிருந்தும் மடியிலிருந்தும் எடுத்துக் கெட்டியான மேசையில் வையுங்கள். பின் பக்கத்தை ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றிவைத்து மறுபடி சோதியுங்கள். வேகம் நின்றால் காற்றுப் போக்குவரத்துதான் பிரச்சினை. காற்று வெளியேறும் வாயில் கையை வைத்துப் பாருங்கள்: விசிறி இரைகிறது, காற்று வரவில்லை என்றால் வெப்பக் கடத்தியின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளம்போலப் படிந்திருக்கிறது.

வெப்பத்தை அளக்க எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசக் கருவி போதும். இன்டெல் மடிக்கணினி பிராசஸர்கள் பலவற்றின் வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ரைசன் பலவற்றில் 95. அந்த எண்ணைத் தொட்டு நிற்கும்போதே வேகம் சரிந்தால் வெப்பம்தான் காரணம். எல்லா கோர்களும் 75 டிகிரியில் இருக்கும்போது சரிந்தால் காரணம் பெரும்பாலும் பிராசஸரின் வெப்பம் அல்ல, மேலே சொன்ன சார்ஜர், பேட்டரி பகுதிக்குத் திரும்புங்கள். ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால், பிராசஸருக்கும் வெப்பக் கடத்திக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தோ சீராகப் பரவாமலோ இருக்கலாம்.

தூசியை ஊதுவது உங்களால் முடியும். ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் தாங்கி கெடும். பேஸ்ட் மாற்றுவதற்கு வெப்பக் கடத்தியைக் கழற்ற வேண்டும். முன்பு செய்து பழகியிராதவர்கள் அதைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: எதுவும் செய்யவில்லை, விசிறி ஓயவில்லை, பேட்டரி கரைகிறது

கோர்கள் தூங்க வேண்டிய நேரத்தில் யாரோ தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

புதிதாக நிறுவிய கணினியானால் ஓரிரண்டு மணி நேரம் சார்ஜரில் விட்டுவிடுங்கள். அப்டேட்டும் தேடல் அட்டவணையும் வைரஸ் சோதனையும் முடிந்து தானாக அடங்கும். அடங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் சிபியு நெடுவரிசையைச் சொடுக்கி அதிகமானதை மேலே கொண்டுவாருங்கள். ஒரு நிரலின் பெயர் தெரிந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' மேலே வந்து நின்றால் அது நிரல் அல்ல. ஏதோ ஒரு சாதனம் அல்லது அதன் டிரைவர். யுஎஸ்பியில் மாட்டியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மலிவான யுஎஸ்பி ஹப்பைக் கழற்றியதும் விசிறி அடங்கிய கதை என் மேசையில் பலமுறை நடந்திருக்கிறது.

இன்னும் பிடிபடவில்லையா? கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜியோடு இந்த முறை எனர்ஜி என்று கொடுங்கள். எல்லா நிரல்களையும் மூடிவிட்டு, 60 நொடிகள் கணினியைத் தொடாமல் இருங்கள். அறிக்கையில் சிவப்பு, மஞ்சள் வரிகளைப் படியுங்கள். 'யுஎஸ்பி சஸ்பெண்ட்' பற்றிய வரி, தூங்க மறுக்கும் சாதனத்தின் பெயரைச் சொல்லும். 'பிளாட்ஃபார்ம் டைமர் ரெசல்யூஷன்' பற்றிய வரி, 15.6 மில்லிநொடி இருக்க வேண்டிய கடிகாரத் துடிப்பை 1 மில்லிநொடிக்கு இழுத்த நிரல் எது என்று காட்டும். வீடியோ ஓடும்போது அது வருவது சரி. எல்லாவற்றையும் மூடிய பிறகும் வந்தால் அந்த நிரலைத் தேடி நீக்குங்கள்.

லினக்ஸில் பவர்டாப் இதே வேலையைச் செய்கிறது. நொடிக்கு எத்தனை முறை யார் எழுப்பினார்கள் என்று பட்டியலிடும். அதிலுள்ள சிபாரிசுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இயக்கிவிடாதீர்கள், மௌஸ் தூங்கிப்போகும்.

இந்த அறிகுறிக்குத் தொழில்நுட்பர் தேவைப்படுவது அரிது.

அறிகுறி 4: மூடி பையில் வைத்தேன், எடுக்கும்போது கொதிக்கிறது

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ இங்கேயே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், பையில் வைக்காதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டு அன்றே சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். மற்ற எதுவும் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

உப்பவில்லை என்றால் பவர்சிஎஃப்ஜியோடு சாய்கோடும் ஏ என்ற எழுத்தும் கொடுங்கள். உங்கள் கணினிக்கு எந்தத் தூக்க நிலைகள் உண்டு என்று வரும். எஸ் 3 இருந்தால் பழைய ஆழ்ந்த தூக்கம். எஸ் 0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் கைபேசியைப்போல அரைத் தூக்கம். இணையமும் அறிவிப்பும் அவ்வப்போது எழுப்பும். அந்த அரைத் தூக்கத்தில்தான் பையில் கொதிப்பது பெரும்பாலும் நடக்கிறது. ஸ்லீப்ஸ்டடி என்ற சொல்லோடு அதே கட்டளையைக் கொடுத்தால், தூக்கத்தைக் கெடுத்தது எது என்று ஒவ்வொரு தூக்கத்துக்கும் தனித்தனியாக அறிக்கை வரும். ரிக்வெஸ்ட்ஸ் என்று கொடுத்தால் இந்த நொடியில் தூங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும் நிரல் தெரியும். லாஸ்ட்வேக் என்று கொடுத்தால் கடைசியாக எழுப்பியது யார் என்று தெரியும்.

காரணம் தேட நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மூடியை மூடினால் ஹைபர்நேட் (உள்நிலையை வட்டில் சேமித்துவிட்டு அணைவது) ஆகும்படி மாற்றிவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பகுதி இருக்கிறது. ஹைபர்நேட் அங்கே தெரியாவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்நேட், ஆன் என்று கொடுத்தால் வந்துவிடும். திறக்கச் சில நொடிகள் கூடும். பேட்டரி பிழைக்கும்.

அறிகுறி 5: வேலை செய்யும்போது நன்றாக இருக்கிறது, சும்மா விட்டால் உறைந்துபோகிறது

கேட்பவர் நம்பாத அறிகுறி இது. உண்மைதான். கோர்கள் ஆழ்ந்த ஓய்வு நிலைக்கு இறங்கும்போது மின்னழுத்தமும் மின்னோட்டமும் மிகத் தாழ்கின்றன. அந்தத் தாழ்வில்தான் கணினி விழுகிறது. ஒரு வீடியோவை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மறுநாள் இரவு எதுவும் ஓடாமல் விடுங்கள். முதல் இரவு பிழைத்து, இரண்டாவது இரவு உறைந்தால் நோய் உறுதி. ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணைப் பார்த்து அதையே காரணம் என்று எண்ணாதீர்கள். முறையாக அணையாமல் போனது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

பயாஸில் ரேம் வேகத்தை இயல்புநிலைக்கு இறக்குங்கள். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒருமுறை ஓட்டுங்கள். பயாஸைப் புதுப்பியுங்கள். பிறகும் உறைந்தால் மாடலைப் பொறுத்துப் பிரியுங்கள்.

2017இல் வந்த முதல் தலைமுறை ரைசன் மேசைக்கணினியானால், பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற வரியைத் தேடி 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களை இது அப்போது மிகவும் வாட்டியது. இன்டெல் பே டிரெயில் வகை மலிவு மடிக்கணினியில் லினக்ஸ் இருந்தால், கெர்னல் தொடக்க வரியில், ஓய்வு எவ்வளவு ஆழமாகலாம் என்று வரம்பிடும் இன்டெல் ஐடில் மேக்ஸ் சிஸ்டேட்டை 1 என்று கட்டுப்படுத்துவது உறைவதை நிறுத்தும். பேட்டரி நேரம் குறையும். பழைய மின்வழங்கியை வைத்துக்கொண்டு மதர்போர்டையும் பிராசஸரையும் மட்டும் புதிதாக்கிய மேசைக்கணினியில், அந்த மின்வழங்கிக்கு மிகக் குறைந்த மின்னோட்டத்தில் நிலையாக நிற்கத் தெரியாமல் இருக்கலாம். நண்பரிடம் ஒரு புதிய மின்வழங்கி கடன் வாங்கிச் சோதியுங்கள். அதிலும் உறைந்தால் மதர்போர்டைத் தொழில்நுட்பர் பார்க்கட்டும்.

அறிகுறி 6: எட்டு கோர் வாங்கினேன், பாதி வேலை செய்யவில்லை

ரிசோர்ஸ் மானிட்டரில் சில கோர்களுக்கு அருகே 'பார்க்டு' என்று இருந்தால் அவை கெடவில்லை, வேலையில்லாததால் ஓய்வில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. அதை நிறுத்தும் மென்பொருள்களை நிறுவ வேண்டாம்.

எண்ணிக்கையே குறைவாகக் காட்டினால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போங்கள். 'நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்' பெட்டியில் குறி இருக்கக் கூடாது. கணினி வேகமாகத் தொடங்கும் என்று சொல்லும் குறிப்பைப் பார்த்து யாரோ குறியிட்டிருப்பார்கள். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து பயாஸில் 'ஆக்டிவ் கோர்ஸ்' வரி.

2021இல் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் ஒரே பிராசஸரில் பெரிய கோர்களும் சிக்கனக் கோர்களும் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் சுருக்கி வைத்துவிட்ட சாளரத்தின் வேலை சிக்கனக் கோர்களுக்குப் போய் மெதுவாகலாம். டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலின்மேல் இலைக் குறி இருந்தால் 'எஃபிஷியன்சி மோட்' இயங்குகிறது. வலது சொடுக்கில் நிறுத்துங்கள். இத்தகைய பிராசஸரில் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் 11க்கு மாறுவது நல்லது. வேலையை எந்த கோருக்குத் தருவது என்று பிராசஸரே குறிப்புக் கொடுக்கும் ஏற்பாட்டை 11தான் முழுமையாகப் பயன்படுத்துகிறது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

கணினியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சார்ஜரையும் கேபிளையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை கொடுத்தபோது கண்ட வேகம், அப்போதைய வெப்பம், சார்ஜரைப் பிடுங்கியதும் என்ன ஆனது, 37 என்ற பதிவு இருந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், அதே மாடலுக்கான வேறொரு சார்ஜரில் மாட்டி வேகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழுது முடிந்து திரும்ப வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன், அங்கேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு கோப்புறையைச் சுருக்கிப் பாருங்கள்.